எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ஒரு முகம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘ஃபூட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் கிடங்குக்காரர். காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

குழாய், ஷவர், வாஷ்பேசின், வால்வு என்று குளியலறைச் சாமான்களை மொத்தமாக விற்கும் கம்பெனி அது. கீழே கண்ணாடி போட்ட விற்பனைக்கூடம், பின்னால் கிடங்கு, மாடியில் அலுவலகம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் போன் எடுக்கிற வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். பிறகு கடிதம் டைப் அடித்தாள். கம்பெனிக்கு வெப்சைட் கட்டிக்கொடுத்த ஆட்கள் கட்டி முடித்த கையோடு கைகழுவிவிட்டுப் போனபோது முதலாளி அவளைக் கூப்பிட்டு, “உனக்குத்தான் டைப் அடிக்க வருமே, அதையும் பாத்துக்கோம்மா” என்றார். டைப் அடிப்பதற்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற இடத்தில் அவள் இல்லை. சரி சார் என்று தலையாட்டினாள்.

முதல் வருடமே கம்பெனியின் போன் நம்பர் மாறியது. தளத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்று. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் புதிய நம்பரை ஒரு வரியாகச் சேர்த்து, சேமித்து, மூடினாள். பதினொரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள், தளத்தைத் திருத்துகிற மென்பொருளான பேஜ் பில்டரின் இடது ஓரத்தில் அதுவரை தொடவே பயந்த ஒரு பட்டியலைத் தைரியமாகத் திறந்தாள். ஹெடர் என்று ஒன்று, ஃபூட்டர் என்று ஒன்று. தளத்தின் தலைப்பகுதியும் அடிப்பகுதியும். அதைத் திறந்து ஒரே ஒரு தடவை மாற்றி, எங்கெங்கே காட்ட வேண்டும் என்ற கேள்விக்கு ‘முழுத் தளம்’ என்று பதில் சொல்லி வெளியிட்டால் போதும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரே மூச்சில் மாறிவிடும். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிடங்கு வரைக்கும் இறங்கிப் போய், எதிரில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். “ஒரே ஒரு ஃபூட்டர்தாங்க. அங்க மாத்தினா எல்லா இடத்துலயும் மாறுது.”

கிடங்குக்காரர் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார். “பதினோரு நாளா நான் உங்களைப் பாத்து, பாவம், என்ன உழைப்பு, என்ன உழைப்புன்னு உருகிட்டு இருந்தேன். கடைசியில மெயின் வால்வை மூடினா முடியுற வேலைக்கு ஒவ்வொரு குழாயா மூடிட்டு இருந்திருக்கீங்க.”

அன்றிலிருந்து அவள் ஃபூட்டர் அக்கா.

அந்த ஃபூட்டரில்தான் மூன்று வருடமாக அவளுடைய தம்பி இருந்தான்.

அவர்களுடைய அப்பா குழாய் வேலை செய்தவர். தம்பியும் அவரிடமே தொழில் பழகி அவரோடேயே போய்க்கொண்டிருந்தான். ஒரு காலை அவன் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அப்பா காத்துப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே வேறு ஆள் இல்லை. யாரோ ஏறிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

பத்தாம் நாள் சமையலறையில், அம்மா காதில் விழாத தூரத்தில், அவள் தம்பியிடம் சொன்னாள். “நீ கூடப் போயிருந்தா அப்பா இறங்கி வந்திருப்பாரு.”

அவன் கையில் இருந்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஒன்பது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற மாதிரி கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போனான். போனவன்தான். அப்பா போன துக்கம் தாங்காமல் பிள்ளை போய்விட்டான் என்று அம்மா நம்பினாள். அந்த நம்பிக்கையைத் திருத்த மகளுக்கு வாய் வரவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, தெரிந்த இடமெல்லாம் கேட்டாயிற்று. இரண்டு மாதம் கழித்து முதலாளியின் அறைக்குப் போய் நின்றாள்.

“அவன் எங்க இருந்தாலும் இந்த வேலையைத்தான் சார் செய்வான். வேற எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்த வேலை செஞ்சா நம்ம அளவுப் பக்கத்தைத் திறக்காம இருக்க முடியாது.”

அது உண்மைதான். எந்த வால்வுக்கு எந்த அளவு துளை, எந்தக் குழாய்க்கு எந்தத் திருகு மரை என்று அந்தத் தளத்தில் ஒரு பட்டியல் உண்டு. வேறு கம்பெனிச் சாமானை மாட்டுகிறவர்கள்கூட அதைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கீழ வைம்மா. சின்னதா வை. குழாயை மறைக்காம வை.”

அப்படித்தான் தம்பி தளத்தின் அடியில் போய்ச் சேர்ந்தான். முகவரிக்கும் வேலை நேரத்துக்கும் பக்கத்தில், கோடு போட்ட நீலச் சட்டையில், இடது புருவத்துத் தழும்போடு. ‘இவரைக் காணவில்லை. அம்மா காத்திருக்கிறார். பார்த்தவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.’ எண் அவளுடையது. எங்கே காட்ட வேண்டும் என்று பேஜ் பில்டர் கேட்டது. முழுத் தளம் என்றாள்.

அழைப்புகள் வராமல் இல்லை. வாஷர் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஷவர் ஒழுகுகிறது, ஆள் அனுப்ப முடியுமா என்றார்கள். போட்டோவில் இருப்பவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு பெண்மணி விசாரித்தார், தன் தங்கைக்காகவாம். அவள் ஒருவரிடமும் எரிந்து விழவில்லை. வாஷர் கேட்டவருக்கு வாஷர் எண்ணைச் சொல்லிவிட்டு, “அந்தப் போட்டோவுல இருக்கிறவரை எங்கயாவது பாத்தீங்களா” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஆறு மாதம் போன பிறகு அறிவிப்பின் கீழே இன்னொரு வரி சேர்ந்தது. அது யாருக்கும் அல்ல, அவனுக்கு. ‘வீடு மாறிவிட்டோம், பழைய தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், இரண்டாம் மாடி.’ பிறகு அதை எடுத்துவிட்டு, ‘அம்மாவுக்கு இடது கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது’ என்று போட்டாள். இப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வரி மாறும். சமையலறையில் சொன்னதற்கு மன்னித்துவிடு என்று மட்டும் அவள் போடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும், ஊரார் கண்ணில் படுகிற மாதிரி அதை எப்படிப் போடுவது? அதை நேரில்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி, அழித்து, மறுபடி எழுதி வைத்திருந்தாள்.

இந்த வருடம் முதலாளிக்கு உடம்பு முடியாமல் போக, மருமகன் பொறுப்புக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், தன்மையாகப் பேசுகிறவர். இரண்டாவது வாரம் அவள் மேஜைக்கே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தளத்தை மேலயும் கீழயும் புதுசா மாத்தணும். லோகோ மாறுது, மெனு மாறுது. அந்த அறிவிப்பு… குழாய் வாங்க வர்றவங்க அதைப் பாத்துட்டு சங்கடப்படுறாங்க. மூணு வருஷம் ஆயிடுச்சு.”

“மூணு வருஷம் நாலு மாசம் சார்.”

“வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள புதுசு ஏறிட்டா நல்லது.”

அவள் சரி என்றாள். சரி என்று சொல்லியே பழகிய வாய். ஆனால் அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள். மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு, அவர் மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். “அவர் தூங்கி எழுந்ததும் சொல்றேன்மா” என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வியாழக்கிழமை காலை புதிய ஹெடரும் புதிய ஃபூட்டரும் தயார். பழைய ஃபூட்டரை எடுப்பதற்கு முன்னால் அதன் நகல் ஒன்றை எடுத்து வைக்க நினைத்தாள். வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ஓரமாகக் கிடக்கட்டும். நகல் எடுத்தாள். என்ன வகை என்று ஒரு சிறு பட்டியல் கேட்டது. முந்தின இரவு சரியான தூக்கம் இல்லை, கண் மங்கலாக இருந்தது. ஃபூட்டர் என்று நினைத்து ஹெடரைத் தொட்டாள். எங்கே காட்ட வேண்டும் என்ற கட்டத்தில் ‘முழுத் தளம்’ என்று பழையதே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நகலைச் சேமிக்கிறோம் என்ற எண்ணத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, கீழே யாரோ கூப்பிட்டதால் இறங்கிப் போனாள். அப்போது மணி பதினொன்றேகால்.

திரும்பி மாடிப்படி ஏறும்போது கிடங்குக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்தார். மணி பன்னிரண்டு.

“என்ன ஃபூட்டர் அக்கா, காலடியில இருந்த தம்பி இன்னைக்குத் தலைக்கு மேல ஏறிட்டாரு?”

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் அவன் முகம். அடியில் கட்டைவிரல் அளவுக்கு இருந்த படத்தை ஹெடர் தன் அகலத்துக்கு இழுத்து விரித்திருந்தது. புருவத்துத் தழும்பு ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. பக்கத்தைக் கீழே தள்ளினால் குழாய்கள் ஓடின, முகம் மட்டும் மேலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இந்தத் தளத்தின் ஹெடருக்கு அதுதான் ஏற்பாடு. மெனு எப்போதும் கண்ணில் படவேண்டும் என்று அவளே வைத்தது.

ஓடிப்போய் அந்த நகலை நீக்கினாள். பழைய லோகோவும் மெனுவும் மேலே வந்தன. தம்பி அடிக்குப் போனான். தன் திரையில் இருபது பக்கங்களைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மருமகன் வந்து பார்த்துவிட்டு, “பரவாயில்லக்கா, நடக்கிறதுதான். சாயங்காலம் புதுசை ஏத்தும்போது மட்டும் பாத்துச் செய்ங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. தெரியாத லேண்ட்லைன் நம்பர். வாஷராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

“அக்கா.”

கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சுற்றும் பார்த்தாள். ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள்.

“எங்கடா இருக்க?”

“அக்கா, அத மேலேருந்து எடு. மொதல்ல எடு, அப்புறம் பேசலாம்.”

“எடுத்துட்டேன்டா. மத்தியானமே எடுத்துட்டேன்.”

“இல்ல. இருக்கு. கையில வெச்சிட்டுத்தான் பேசுறேன்.”

அவள் தன் திரையைப் பார்த்தாள். லோகோ இருந்தது, மெனு இருந்தது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்திருக்கிறான்.

“இங்க கட்டட சைட்ல நாங்க ஒன்பது பேரு. கான்ட்ராக்டர் வால்வு அளவு பாக்கத் திறந்தாரு. என் மூஞ்சி. கீழ தள்ளத் தள்ளக் கூடவே வருது. எல்லாரும் சுத்தி நின்னு அதைப் பாக்குறாங்க, என்னைப் பாக்குறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அது நான் இல்லன்னு சொன்னேன்.”

“ஏன்டா?”

அந்தப் பக்கம் ஏதோ லாரி போனது.

“கான்ட்ராக்டர் பொண்ணைத்தான் கட்டியிருக்கேன். எனக்கு யாரும் இல்லன்னு சொல்லித்தான் கட்டினேன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்துல போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். இங்க பாத்தா, அம்மா காத்திருக்கிறார்னு போட்டிருக்கு.”

“நான்?”

“உன்னைப் பத்திப் பேச்சே வரல.”

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். அழுதால் பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அவரு சாயங்காலம் வீட்ல போய் காட்டுவாரு அக்கா. அவ பாத்துட்டா முடிஞ்சுது. நீல சட்டை இன்னும் என்கிட்ட இருக்கு. அதுக்குள்ள அது இல்லாம போகணும். கீழ இருக்குல்ல, அதையும் எடுத்துடு.”

“கீழ இருந்தது உனக்குத் தெரியுமா?”

“மொதல்லேருந்து தெரியும். அவ்வளவு கீழ யாரும் போக மாட்டாங்க. நான் மட்டும்தான் போவேன். வீடு மாத்தினது பாத்தேன். அம்மா கண்ணு பாத்தேன். ஒண்ணும் தொந்தரவு இல்லாமதான் இருந்துச்சு.”

அப்படியென்றால் ஒவ்வொரு வரியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிணற்றில் கல் போட்ட மாதிரி போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவள் நினைத்திருந்த மூன்று வருடமும் அவன் அங்கே இருந்து படித்திருக்கிறான். இன்று காலை வரைக்கும். அவள் கை தவறி அவனை மேலே ஏற்றிய நிமிடம் வரைக்கும்.

“சரி, இரு. ஏன் இன்னும் தெரியுதுன்னு பாக்குறேன்.”

அது புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தளம் வேகமாகத் திறப்பதற்காக ஒவ்வொரு பக்கத்தின் நகலும் கேஷ் என்ற கிடங்கில் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நகல்தான் போகும். உள்ளே பாஸ்வேர்டு போட்டு நுழைந்திருக்கிற அவளுக்கு மட்டும் புத்தம் புதிய பக்கம். அதை அழிக்க ஒரு பொத்தான் உண்டு. வெளியாள் மாதிரி ஒரு தடவை பார்த்திருந்தால் பன்னிரண்டு மணிக்கே தெரிந்திருக்கும். பதற்றத்தில் பார்க்கவில்லை. நாலு மணி நேரத்துக்கும் மேலாக ஊர் உலகத்துக்கெல்லாம் அவன் முகம் தலைக்கு மேல் நின்றிருக்கிறது, அவளுக்கு மட்டும் அடியில்.

முதலில் ஃபூட்டரைத் திறந்தாள். அறிவிப்பு இருந்த கட்டத்தைத் தொட்டாள். சுற்றிலும் நீலக் கோடு வந்தது. அழித்தாள். வெளியிட்டாள். பிறகு கேஷை அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு இதையெல்லாம் செய்யும்போதே, இதுதான் நேரம் என்று தோன்றியது.

“தம்பி, அன்னைக்கு சமையலறையில நான் சொன்னது…”

“அக்கா, இன்னும் இருக்கு. மேலயும் இருக்கு.”

“அது உன் போன்லயும் ஒரு நகல் வெச்சிருக்கும்டா. மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் பாரு. அதைத் தொடு.”

“தொட்டுட்டேன்.”

“ஹிஸ்டரின்னு இருக்கா?”

“இல்ல. ஆங், இருக்கு.”

“அதுக்குள்ள போனா, அழிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும். எல்லா நேரம்னு குடு. படங்களும் கோப்புகளும்ன்ற கட்டத்துல டிக் இருக்கான்னு பாரு.”

“இருக்கு.”

“அழி. நான் அன்னைக்கு அப்படி சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவுக்கு…”

“சுத்துது அக்கா. சுத்திக்கிட்டே இருக்கு.”

“சுத்தட்டும். கொஞ்ச நேரம் ஆகும். கான்ட்ராக்டர் போன்லயும் இதே மாதிரி செய்யணும், முடியுமா?”

“சார்ஜ்ல போட்டிருக்காரு. செஞ்சுடுவேன்.” பிறகு அவன் குரலில் மூச்சு இறங்கியது. “போயிடுச்சு.”

“கீழ தள்ளிப் பாரு.”

“கீழயும் போயிடுச்சு. அட்ரஸ் மட்டும் இருக்கு.”

“சரி. இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு.”

“அக்கா, கூப்பிடுறாங்க. வெக்கிறேன்.”

வைத்துவிட்டான். பேசியது ஒன்பது நிமிடம் என்று போன் சொன்னது. அதில் ஐந்து நிமிடம் மூன்று புள்ளிக்கும் ஹிஸ்டரிக்கும் போயிருந்தது.

அந்த நம்பருக்கே திரும்பப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். “ஜெராக்ஸ் கடைங்க. எதிர்ல கட்டட வேலை நடக்குது, அங்கேருந்து யாராவது வந்து பேசியிருப்பாங்க.” எந்த ஊர் என்று கேட்டாள். பெண் ஊர்ப் பெயரைச் சொன்னாள். பஸ்ஸில் ஒரு பகல் தூரம். கட்டட வேலைக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. சாவி மாதிரி ஒரு விவரம், கையில் இருந்தது. அதைத் திறந்துகொண்டு உள்ளே போனால் அவன் குடித்தனம் போய்விடும்.

ஐந்து மணிக்கு மருமகன் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“அக்கா, மாமா இப்பதான் பேசினாரு. தெளிவா பேசுறாரு இன்னைக்கு. அந்த அறிவிப்பை எடுக்காதன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. எனக்கே மனசு உறுத்திட்டுத்தான் இருந்துச்சு. புது ஃபூட்டர்ல ஒரு ஓரமா வெச்சுடுங்க.”

அவள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் இந்த வார்த்தை வந்திருந்தால், நகல் எடுக்கிற வேலையே இருந்திருக்காது.

“வேண்டாம் சார். எடுத்துட்டேன்.”

“எடுத்தா என்ன, திரும்ப வைங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை.”

“இனிமே தேவையில்ல சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த போனைப் பார்த்தார். “தகவல்… வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார்.”

அவர் சாய்ந்திருந்த மேஜையிலிருந்து நிமிர்ந்து நேராக நின்றார். சாவுச் செய்தி என்று அவர் எடுத்துக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. திருத்த ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் கீழே கிடங்குக்குப் போய், அங்கிருந்து சாமான் வாங்க வருகிற குழாய் வேலைக்காரர்கள் காதில் விழுந்து, ஒரு பகல் தூரத்தில் இருக்கிற கட்டடத்துக்கும் ஒரு நாள் போய்ச் சேரும். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

“நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க.”

“புதுசை ஏத்திட்டுப் போறேன் சார்.”

ஏற்றினாள். புதிய ஹெடர், புதிய ஃபூட்டர், முழுத் தளம். இந்தத் தடவை கேஷை அழித்துவிட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் வெளியாளாகப் போய்ப் பார்த்தாள். அடியில் முகவரி இருந்தது, வேலை நேரம் இருந்தது, கோணல் இல்லாமல் எல்லாம் நடுவில் நின்றது. நல்ல வேலை.

கைப்பையை எடுக்கும்போது கிடங்குக்காரர் மாடி ஏறி வந்து நின்றார். ஜோக்கடிக்காத முகத்தை அவருக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. “அக்கா” என்றார், முன்னால் ஒன்றும் சேர்க்காமல். “மத்தியானம் நான் ஒரு பேச்சு பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“நாளைக்கு எல்லாருமா வீட்டுக்கு வந்து அம்மாவைப் பாக்கட்டுமா?”

“வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.”

அவர் உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இறங்கிப் போனார். பொய் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், ஒரு கட்டடம் முழுக்கத் தன் தம்பிக்காகத் துக்கப்பட வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் கிடந்தது. தினமும் ஒரு தடவையாவது அந்தத் தளத்தைத் திறந்து அடிவரைக்கும் போய் அவனைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. எல்லாப் பக்கத்திலும் இருப்பவனை ஏனோ வாஷ்பேசின் பக்கத்தில்தான் போய்ப் பார்ப்பாள்.

“என்னடி இது, நாலு மணிக்குப் பாத்தா மேல பெருசா இருந்தான். கண்ணாடிகூடப் போடாம பாத்தேன், அவ்வளவு நல்லா தெரிஞ்சான். இப்ப மேலயும் காணோம் கீழயும் காணோம். ஆப்பரேஷன் பண்ண கண்ணுதான் திரும்பக் கெட்டுப்போச்சான்னு பாத்தேன்.”

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லலாம். சொன்னால், எங்கே என்று கேட்பாள். எங்கே என்று தெரிந்தால், இரவு பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள். போய் இறங்குகிற இடத்தில், இறந்துபோன அம்மாவாகத்தான் நிற்பாள்.

“முதலாளியோட மருமகன் எடுக்கச் சொல்லிட்டாரும்மா.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டை மடியில் விழுந்தது. “எடுக்கச் சொன்னா, நீ எடுத்துடுவியா?”

“வேலைம்மா.”

“அவருக்கு அது என்ன இடைஞ்சல்? ஒரு ஓரமாத்தானே இருந்தான்.” மடியில் கிடந்த சட்டையைத் தள்ளிவிட்டாள். “நல்லவனே இல்ல அந்த ஆளு. பெத்தவ வயிறு எரிஞ்சா நல்லா இருப்பானா?”

“அப்படியெல்லாம் சொல்லாதம்மா.”

“உனக்கென்ன, நீ வேலைக்குப் பயந்தவ. நான் பயப்பட மாட்டேன். நாளைக்கு உன்கூட நான் வர்றேன். அவர்கிட்ட நானே பேசுறேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். கையெடுத்துக் கும்பிட்டே கேக்கிறேன். பழைய முதலாளிக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரியும்னு சொல்றேன். முப்பது வருஷம் உங்க குழாயைத்தான் மாட்டினாருன்னு சொல்றேன்.” எழுந்து அலமாரியைத் திறந்து புடவைகளைப் புரட்டினாள். “இது போதுமா, இல்ல அந்தப் பச்சையைக் கட்டிக்கவா? ஆபீசுக்கெல்லாம் வந்து எவ்வளவு நாளாச்சு.”

அவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து, அம்மா மடியிலிருந்து விழுந்த சட்டையை எடுத்து மடித்தாள். அங்கே எல்லாரும் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள். கிடங்குக்காரர் அழுதுவிடுவார்.

“நாளைக்கு அவர் இருக்க மாட்டாரும்மா. வெளியூர் போறாரு.”

“எப்ப வருவாரு?”

“ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரம்தானே.” அம்மா பச்சைப் புடவையை எடுத்துத் தனியாகக் கட்டில் விளிம்பில் வைத்தாள். “அதுக்குள்ள என்ன சொல்றதுன்னு நீயே ஒரு காகிதத்துல எழுதிக் குடு. எனக்கு அங்க போனா பேச்சு வராது. நல்லா, மனசுல படுற மாதிரி எழுதணும்.”

அவள் காகிதம் தேடினாள். பேனா எடுத்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுது,” என்றாள். “என் மகன் எங்கயோ உயிரோட இருக்கான், அதை எடுத்துட்டா அவன் எங்களை மறந்துடுவான்னு எழுது.”

அவள் எழுதினாள்.